படிக்கக் கூடாத நாள்

பள்ளிக்கூடத்திலிருந்து என் மகளைத் திருப்பி அனுப்பிய அன்று நான் அழவில்லை. வீட்டில் இருப்பது மூன்றே பேர். ஆத்திரத்தில் ஒரு பந்திக்கே ஆகிற அளவு அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். பானை பொங்கி வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் நிதானம் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற பொறுமையெல்லாம் எனக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓசூருக்கு வந்திருந்தோம். என் கணவருக்குத் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் வேலை. வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிற விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போய்விட்டது, மீதிப் பாதியில் தக்காளியும் ரோஜாவும் போட்டிருந்தார்கள். என் மகள் அந்த அம்மாவிடம் தெலுங்கில் கதையளப்பாள், தள்ளுவண்டிக் கீரைக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசுவாள், என்னிடம் தமிழில் சண்டை போடுவாள். மூன்று மொழியிலும் வாய் ஓயாது. ஆனால் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் 'அ' எது, 'ஆ' எது என்று கேட்டால் கூரையைப் பார்ப்பாள். அதற்கு மருத்துவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே பெயர், 'மண்டையில ஏறல' என்பதுதான்.

தலைமையாசிரியை கடுமையாக ஒன்றும் பேசவில்லை.

"நல்ல பொண்ணும்மா. ஆனா எழுத்தக் காட்டுனா முழிக்கிறா. இத்தன புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இவளுக்குன்னு தனியா உக்கார எங்களால முடியல. கொஞ்ச நாள் வீட்ல வெச்சி சொல்லிக் குடுங்க. ஒரு பக்கம், நான் எடுத்துக் குடுக்கற ஒரே ஒரு பக்கம், அவளா படிக்கட்டும். விஜயதசமி அன்னிக்கிப் புதுசா சேர்க்கறோம் இல்ல, அன்னிக்கிக் கூட்டிட்டு வாங்க. சேத்துக்கறேன்."

"எந்த வருஷத்து விஜயதசமிக்கு?" என்று நான் வெடுக்கென்று கேட்டேன்.

"எந்த வருஷமா இருந்தாலும்," என்றார் அவர். குத்திக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாளே வீட்டில் பள்ளிக்கூடம் தொடங்கியது. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றுதான், நான் படித்தது. அதை அப்படியே வீட்டுக்குள் இறக்கினேன். சுவரில் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தோம். கால அட்டவணை ஒட்டினேன். கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, மணிக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா இரண்டு பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஈயம் பூசறவன் வந்துட்டானாம்மா?"

"இல்லக்கா, பள்ளிக்கூடம்."

அவர் என் புடவையையும் தட்டையும் பார்த்தார். பிறகு சுவர் ஓரம் கைகட்டி உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். "பாவம் பாப்பா" என்று சொல்லிவிட்டு அண்டாக்களோடு திரும்பிப் போனார். யார் பாவம் என்று எனக்குத்தானே தெரியும். அந்த வாரம் முழுக்க நான் தொண்டை வறளக் கத்தினேன். அவள் மூக்கால் அழுதாள். ஒரு நாள் பாதிப் பாடத்தில் எழுந்து வந்து என் முந்தானையை இழுத்து, "டீச்சர், நீங்க போயிட்டு எங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும். சிலேட்டைத் தூக்கி எறிந்தேன்.

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் உடைந்த சிலேட்டைப் பொறுக்கினார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. லேத் சத்தத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

"எங்க மெஷின்ல ஒரு பீஸ் சரியா வரலன்னு வெச்சுக்க. நாங்க பீஸைத் திட்டுவோமா?" என்றார்.

"பின்ன?"

"செட்டிங்கப் பாப்போம். அளவு எங்க தப்புது, டூல் மழுங்கியிருக்கா, வேகம் ஜாஸ்தியா. செட்டிங்க மாத்துனா அதே இரும்புதான், சரியா வரும்."

"இவ இரும்பா?"

"நான் அவளச் சொல்லல. உன் செட்டிங்கச் சொல்றன்."

எனக்குச் சுருக்கென்றது. மிச்சமிருந்த சிலேட்டுத் துண்டுகளை நானும் அவரோடு சேர்ந்து பொறுக்கினேன்.

அன்று முதல் 'செட்டிங்' எங்கள் வீட்டுச் சொல்லாகிவிட்டது. காலையில் குளித்துச் சாப்பிட்ட கையோடு படித்தால் ஏறுகிறது, மதியத்துக்கு மேல் ஏறவில்லை. அது ஒரு செட்டிங். உட்கார வைத்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, நிற்க விட்டால் மனம் நிற்கிறது; அது ஒன்று. மாம்பழக் கணக்கு போட்டால் மாம்பழம் எங்கே என்கிறாள். கம்பெனியில் கழித்துப் போட்ட நட்டுகளை என் கணவர் கேட்டு வாங்கி வந்தார். பெரிய நட்டு பத்து, சின்ன நட்டு ஒன்று. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கை, புத்தகம் ஒரு மாதம் முட்டியும் முடியாததை, ஒரு காலையில் தரையில் நட்டை உருட்டியே முடித்துவிட்டாள். கால அட்டவணையைக் கிழித்து அடுப்பு மூட்டினேன். அன்று தோசை நன்றாக வந்ததாக ஞாபகம்.

எழுத்துதான் மசியவில்லை. அதற்கான செட்டிங் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கிடைத்தது.

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அங்கே பஸ் மாற வேண்டும். நான் மூட்டையும் பையுமாக எந்த பஸ் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். என் மகள் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் போட்டுவிட்டாள்.

"இறங்குடி, எந்த ஊரு பஸ்ஸுன்னு தெரியாம!"

"நம்ம ஊரு பஸ்தாம்மா. ஓசூர்னு போட்டிருக்கே."

பலகையைப் பார்த்தேன். ஓசூர்தான். வீட்டுச் சுவரில் 'ஓ' எழுதிக் காட்டினால் அது பானையா சங்கா என்று கேட்கிற பெண், ஓசூரைப் படித்துவிட்டாள். பிறகு நின்றிருந்த பஸ்களை எல்லாம் வரிசையாகக் காட்டினேன். ராயக்கோட்டை என்றாள். வேப்பனப்பள்ளி என்றாள். ஒன்றில்கூடத் தவறவில்லை. மனுஷன் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல் பலகையைப் பார்த்து ஊரைச் சொன்னாள். மூக்கு தனி, காது தனி என்று பிரித்துக் காட்டி இது யார் என்று நான் இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அகர வரிசையை அன்றோடு மூட்டை கட்டினேன். எங்கள் முதல் பாடம் ஓசூர். இரண்டாவது சூளகிரி. மூன்றாவது கிருஷ்ணகிரி. பஸ் வருகிற வழியிலேயே பாடமும் வந்தது. என் கணவர் அட்டைப்பெட்டிகளை வெட்டி, பஸ் பலகை அளவுக்குக் கொட்டை எழுத்தில் ஊர்ப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். கழுத்தில் பலகையை மாட்டிக்கொண்டு என் மகள் பஸ்ஸாகி முற்றத்தில் ஓடுவாள். நானும் வீட்டுக்காரம்மாவும் பிரயாணிகள். சில நாட்களில் முறை மாறும். நாங்கள் பஸ், அவள் பிரயாணி. சரியான பஸ்ஸை அவள் கை காட்டி நிறுத்த வேண்டும். வீட்டுக்காரம்மா எந்தப் பலகையை மாட்டினாலும் பெங்களூர் போவதுபோல் பறப்பார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கென்ன, என் பிள்ளை படிக்கிறாள்.

ஒரு நாள் இரண்டு பலகைகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ம்மா, ராயக்கோட்டைக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் பின்னாடி ஒரே வாலு."

கோட்டையைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தபோது அவளைத் தூக்கிச் சுற்றினேன். வாலிலிருந்து தொடங்கி, தலைக்கு வந்து, வயிற்றுக்குப் போய், இப்படித்தான் எழுத்துகள் ஒவ்வொன்றாக அவளுக்குப் பிடிபட்டன. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வரிசை.

பலகை பெரிது, புத்தகம் சிறிது. பக்கத்தைத் திறந்தால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, "எறும்பு மாதிரி ஓடுதும்மா" என்பாள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வெட்டி அட்டையில் ஒட்டலாம் என்று தோன்றியது. கத்திரிக்கோலை எடுத்துவிட்டேனே தவிர வெட்ட மனம் வரவில்லை. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். அதை வெட்டுவதாவது! கடைசியில் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், கத்திரிக்கோலையும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், மன்னிப்பு கேட்டுக்கொண்டே வெட்டினேன். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இரண்டு பாடம் வெட்டி முடிப்பதற்குள் என் கணவர் பார்த்துவிட்டார். கம்பெனி வேஸ்டில் கிடந்த கெட்டியான கேஸ்கட் அட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு நீளமாகத் துளை போட்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். பக்கத்தின்மேல் அதை வைத்தால் ஒரு வரிதான் தெரியும், மற்றவை மறைந்துவிடும். 'ஜன்னல்' என்று அவளே பெயர் வைத்தாள். மூன்றாம் வகுப்புப் புத்தகம் கத்திரிக்கோலிடமிருந்து தப்பித்தது.

முதல் விஜயதசமிக்கு நாங்கள் பள்ளிப் பக்கமே போகவில்லை. அடுத்த வருடம் புரட்டாசி நெருங்கியபோது ஜன்னலை வைத்துப் பக்கம் பக்கமாகச் சொன்னாள். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம், அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய ஞாபகசக்தி பொல்லாதது. நான் ஒரு முறை வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே ஒப்பித்துவிடுவாள், விரலும் சரியான இடத்தில் நகரும். அவள் படிக்கிறாளா, பாடமாகச் சொல்கிறாளா? நான் வாசித்துக் காட்டாத பக்கத்தைத் திறந்து வைத்தால் உடனே என் முகத்தைப் பார்ப்பாள், நெற்றி வியர்த்துவிடும், வாய் மூடிக்கொள்ளும். தலைமையாசிரியை எடுத்துக் கொடுக்கப்போகிற பக்கம் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த முறையும் முடியாவிட்டால் அவள் வயதுக்கு மூன்றாம் வகுப்பு பெஞ்சில் பொருந்த மாட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடமே இல்லை என்று என் மனம் முடிவு கட்டிவிட்டது.

சரஸ்வதி பூஜை வந்தது. படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் அடுக்கினோம். வெட்டிய புத்தகம், வெட்டாத புத்தகம், ஜன்னல், நட்டு டப்பா, பஸ் பலகைகள், அவருடைய ஸ்பேனர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். எங்கள் வீட்டில் அன்று ஒரு எழுத்துகூடப் படிக்கக் கூடாது. என் அம்மா வீட்டில் அப்படி, நானும் அப்படி. பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூடக் குப்புறப் போட்டுவிடுவேன்.

"இன்னிக்கிப் படிக்கக் கூடாது. படிச்சா படிச்சதெல்லாம் போயிடும்," என்று மகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"சரிம்மா!" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எனக்குக் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை அன்று மட்டும் கம்பெனிக்குள் குடும்பத்தை விடுவார்கள். மூவருமாகப் போனோம். வாசலில் வாழைமரம், உடைத்த பூசணிக்காய், கையில் பொரி, கடலைப் பொட்டலம். என் கணவரின் லேத் மாலையும் பொட்டுமாகக் கல்யாணப் பெண்போல் நின்றது. அவர் அதன் பக்கத்தில் மாப்பிள்ளைபோல் நின்று எதை எப்படித் திருப்புவது என்று காட்டினார். ஒரு வருடத்துக்குப் பேச வேண்டியதை எல்லாம் அங்கே பேசினார். மெஷின் ஓடாத இடத்தில் அவர் குரல் இவ்வளவு பெரிதா என்று ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த கொட்டகையில் பூஜை ஆரத்தி காட்டுகிறார்கள் என்று நான் வேகமாக நடந்தேன். யாரோ என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். திரும்பினால் என் மகள்.

"ம்மா, அங்க போகாத. வழுக்கும்."

அப்போதுதான் பார்த்தேன். பூஜைக்காகத் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், எண்ணெயும் தண்ணீருமாக மினுமினுத்தது. இன்னும் ஓரடி வைத்திருந்தால் ஆரத்தி எனக்குத்தான் எடுத்திருப்பார்கள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கே."

தூணில் ஒரு கரும்பலகையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அன்று காலை யாரோ சாக்பீஸால் அவசரமாக எழுதியது. 'தரை ஈரம். வழுக்கும். மெல்லப் போகவும்.' அச்சுமில்லை, பஸ் பலகையுமில்லை. நான் வாசித்துக் காட்டவுமில்லை. அந்தக் கோணல் கையெழுத்தை நானே இரண்டு முறை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் வீட்டில் சரஸ்வதி படத்தடியில் இருக்கிறது.

சந்தோஷத்தில் அவளைப் பார்க்கிறேன், அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ம்மா, படிச்சிட்டேன்."

"கண்ணு…"

"இன்னிக்கிப் படிச்சிட்டேம்மா. எல்லாம் போயிடுமா?"

நான் பதில் சொல்வதற்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு, ஒரு கையை நானும் ஒரு கையை அவரும் பிடித்துக்கொள்ள, அவளைக் கம்பெனி வாசல் வரை நடத்திக்கொண்டு வந்தோம். காவலாளி, "பாப்பாவுக்குக் கண்ணுல தூசியா?" என்று கேட்டார். என் கணவர், "இல்லீங்க, எழுத்து" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். உதடு பிதுங்கியது.

"ம்மா, நான் வேணும்னு படிக்கலம்மா. கண்ணத் தொறந்தா அதுவா வருது."

இரண்டு வருடம் நான் தவம் கிடந்த சொல் அது. அதை அவள் குற்றம் செய்தவள்போல் அழுதுகொண்டு சொல்கிறாள். பஸ் என்றும் பாராமல் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன், சிரித்தேன், என்னென்னவோ செய்தேன்.

"போகாதுடி. இனிமே யாரு வந்து புடுங்குனாலும் போகாது. கண்ணத் தொற."

"சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சிக்கிட்டா நான் பேசிக்கறன். நீ படி."

மெல்லக் கண்ணைத் திறந்தாள். நிமிர்ந்து பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. "கரம்… சிரம்… புறம்… நீட்டாதீர்." பிறகு என்னைப் பார்த்தாள்.

"சிரம்னா என்னாம்மா?"

"தலை."

"அப்பத் தலைன்னே எழுதியிருக்கலாம் இல்ல? எதுக்குக் கஷ்டமா எழுதறாங்க?"

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வீடு வந்து சேரும்வரை டீக்கடை, உரக்கடை, லாரியின் பின்பக்கம், சுவரில் கட்சிக்காரர்கள் எழுதியது என்று ஒன்றையும் விடவில்லை. பாதி தப்பு. பாதி சரி. எல்லாம் சத்தமாக. வீட்டில் சரஸ்வதிக்கு முன்னால் நின்று, 'பேசிக்கறன்' என்று சொன்னவள் ஒன்றும் பேசாமல் விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. பூஜையிலிருந்து ஜன்னலை எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, அவள் கையில் கொடுத்து அழைத்துப் போனேன். தலைமையாசிரியைக்கு எங்களை ஞாபகம் இருந்தது. எழுந்து வந்து அவள் உச்சியில் கைவைத்தார். 'எந்த வருஷமா இருந்தாலும்' என்று அவர் சொன்னது நிஜமாகவே அந்த அர்த்தத்தில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. புத்தகத்தில் எங்கேயோ ஒரு பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்தார். எட்டிப் பார்த்தேன், நாங்கள் தொடாத பக்கம்.

என் மகள் உட்காரவில்லை, நின்றுகொண்டாள். ஜன்னலை முதல் வரியின்மேல் வைத்தாள். இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியையை நிமிர்ந்து பார்த்து, ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டாள்.

"டீச்சர், இன்னிக்கிப் படிக்கலாம் இல்ல?"